குணமாகாதவர்களின் சாட்சியையும் அச்சிடுங்கள்

தமிழில் கிறிஸ்தவ நூல்களை எழுதுவோருக்கும் மொழிபெயர்ப்போருக்கும் பதிப்பிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,



திருநெல்வேலிச் சீமையில் ஒரு திருச்சபையின் சிறிய நூலகத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறவள் நான். நீங்கள் எழுதும் புத்தகங்களை அலமாரியில் அடுக்குவதும், கேட்டு வருகிறவர்கள் கையில் எடுத்துக் கொடுப்பதும், திரும்பி வரும்போது அட்டை போட்டு வைப்பதும் என் வேலை. ஒரு புத்தகம் யார் வீட்டுக்குப் போகிறது, எந்த நிலையில் போகிறது என்பதை எழுதுகிற உங்களைவிடக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்க எனக்கு வாய்த்திருக்கிறது. அந்த உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதல் வாரம் யாரும் புத்தகம் தேட மாட்டார்கள். வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். சபை ஐயர் வருவார், உபதேசியார் வருவார், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வந்து பாட்டுப் பாடி ஜெபித்துவிட்டுப் போவார்கள். பந்தலைப் பிரித்து, வெளியூர்ச் சொந்தங்கள் ரயிலேறி, வேலைக்குப் போகிறவர்கள் வேலைக்குப் போன பிறகுதான் வீடு வெறிச்சோடும். ஒரு மாதம் கழித்தோ மூன்று மாதம் கழித்தோ அந்த வீட்டிலிருந்து ஒருவர் நூலகத்துக்கு வருவார். பெரும்பாலும் பெண். “ஆறுதலா ஏதாவது புத்தகம் இருக்காக்கா?” என்று கேட்பார். அவருக்கு எடுத்துக் கொடுக்க என் அலமாரியில் இருக்கும் புத்தகங்கள் மிகக் குறைவு.

புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. ஜெபத்தைப் பற்றி இருக்கிறது, வாக்குத்தத்தங்களைப் பற்றி இருக்கிறது, வெற்றியுள்ள வாழ்க்கை, ஆசீர்வாதமான குடும்பம், பிள்ளை வளர்ப்பு, கடன் தீர வழி, எல்லாமே இருக்கின்றன. சாட்சிப் புத்தகங்கள் தனியாக இரண்டு தட்டு நிறைய நிற்கின்றன. இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. குடியை விட்டவர், கணவனோடு மறுபடி சேர்ந்தவர், தற்கொலை எண்ணத்திலிருந்து மீண்டவர் என்று இந்தப் புத்தகங்களால் உயிர்பெற்றவர்கள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். எழுதிய உங்களுக்கு அவர்கள் சார்பாகவும் நன்றி சொல்கிறேன்.

ஆனாலும் அந்தச் சாட்சிகளை வரிசையாக வாசித்துப் பாருங்கள். நோய் வருகிறது. மருத்துவர்கள் கைவிரிக்கிறார்கள். குடும்பம் உபவாசித்து ஜெபிக்கிறது. அற்புதம் நடக்கிறது. புத்தகம் ஸ்தோத்திரத்தில் முடிகிறது. இதே நோய் வந்து, இதே மருத்துவர்கள் கைவிரித்து, இதே உபவாசத்தில் இதே முழங்காலில் நின்று, கடைசியில் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போன குடும்பங்களும் நம் சபைகளில் இருக்கின்றன. எண்ணிக்கையில் அவர்களே அதிகம். அவர்களுடைய சாட்சியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. கன்வென்ஷன் மேடையில் அவர்களுக்கு ஒலிபெருக்கி தரப்படுவதில்லை. உங்கள் பதிப்பகத்திலும் அவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்படுவதில்லை.

இதனால் வருகிற கேடு என்னவென்று நான் பார்த்திருக்கிறேன். புற்றுநோயில் கணவனை இழந்த ஒரு பெண், இரண்டு தட்டுச் சாட்சிகளையும் வாசித்துவிட்டு, “அப்போ எங்க ஜெபத்துலதான் குறையா?” என்று கேட்பார். அப்படி எழுதியது நீங்கள் யாருமில்லை. எந்தப் புத்தகத்திலும் அந்த வரி கிடையாது. ஆனால் அலமாரி முழுவதும் சுகம்பெற்றவர்களே பேசிக்கொண்டிருந்தால், சுகம்பெறாத வீட்டார் தாங்களே அந்த வரியை எழுதிக்கொள்கிறார்கள். துக்கத்தின் மேல் குற்ற உணர்ச்சியும் ஏறிக்கொள்கிறது. இரண்டையும் சுமந்துகொண்டு சிலர் ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, ஆசீர்வாதத்துக்கு முன்னால் எழுந்து போய்விடுகிறார்கள். சிலர் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான்: கேட்டது கிடைக்காமலும் கர்த்தரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற வீடுகளின் சாட்சியையும் அச்சிடுங்கள். விசுவாசத்துக்கு அதுவும் சாட்சிதான்.

வேதாகமம் இந்தச் சாட்சிகளை ஒளித்துவைக்கவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரோது யோவானின் சகோதரன் யாக்கோபை வாளால் கொலை செய்கிறான். பிறகு பேதுருவைச் சிறையில் வைக்கிறான். சபை ஊக்கமாக ஜெபிக்கிறது. தூதன் வருகிறான், சங்கிலிகள் கழன்று விழுகின்றன, பேதுரு வெளியே வருகிறார். நம் பிரசங்கங்களும் புத்தகங்களும் பேதுருவோடு சிறைவாசலைத் தாண்டி நடந்து போய்விடுகின்றன. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யாக்கோபின் வீடு இருக்கிறது. யாக்கோபின் தாயான செபெதேயுவின் மனைவி அன்று உயிரோடிருந்தால், சபை கூடி ஜெபித்த மரியாளின் வீட்டில் பேதுருவுக்காக எழுந்த மகிழ்ச்சியை எந்த மனதோடு கேட்டிருப்பார்? இந்தக் கேள்வியிலிருந்து ஒரு புத்தகமே எழுதலாம்.

எபிரெயர் 11ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களின் பட்டியல் என்று ஓய்வுநாள் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். விசுவாசத்தால் வாளுக்குத் தப்பியவர்கள் அதில் வருகிறார்கள். அதற்கடுத்த சில வரிகளுக்குள், அதே விசுவாசத்தோடு வாளால் வெட்டுண்டு இறந்தவர்களும் வருகிறார்கள். எழுதியவர் இரு கூட்டத்தாரையும் ஒரே பட்டியலில், ஒரே மரியாதையோடு நிறுத்துகிறார். வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை இவர்கள் அடையாமலே போனார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். பவுல் தன் சரீரத்து முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடுமாக இருக்கின்றன. 88ஆம் சங்கீதமோ கடைசி வரிவரை இருளிலேயே நிற்கிறது. திரும்பி நன்றி சொல்லி முடிவதில்லை. அதையும் ஆலயத்தில் பாடத் தகுந்த பாட்டாகவே முன்னோர் தொகுத்து வைத்தார்கள்.

யோபுவின் நண்பர்களை நாம் மறக்கக் கூடாது. முதல் ஏழு நாளும் அவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டுப்போனார்கள். கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது புலம்பிய யோபுவிடம் அல்ல, தமக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்டிருந்த அந்த நண்பர்களிடம். துக்கத்தைப் பற்றி எழுத உட்காருகிற ஒவ்வொருவரும் யோபு புத்தகத்தின் 42ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் பேனாவை எடுப்பது நல்லது.

நம் தமிழ் மரபும் இதற்கு அந்நியமானதில்லை. இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம், 1578இல் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கம். அதை உருவாக்கிய அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களுக்காக 1586இல் அடியார் வரலாற்றையும் அச்சிட்டார். தப்பிப் பிழைத்தவர்களின் கதையை மட்டுமே சொல்வதென்றால் அடியார்களின் வரலாற்றை எழுதவே முடியாது. தமிழில் கிறிஸ்தவப் பதிப்புத் தொழில் தொடங்கிய காலத்திலேயே இரத்தசாட்சிகள் அச்சேறிவிட்டார்கள்.

வீரமாமுனிவரின் தேம்பாவணி ஒரு குடும்பத்தின் காவியம். சூசையப்பரைத் தலைவராக வைத்து 3 காண்டம், 36 படலம், 3615 பாடல்களில் விரிகிறது. அதில் திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்று பெயர். காட்டில் தாய் எலிசபெத்தோடு வாழ்ந்தவன், அவள் இறந்ததும் தன்னந்தனியனாகி அழுகிறான். அவனோடு மரமும் பூவும் பறவையும் சேர்ந்து அழுவதாக முனிவர் பாடுகிறார். கிறிஸ்துவுக்கு வழியை ஆயத்தப்படுத்தப் போகிற தீர்க்கதரிசி, தாயை இழந்த மகனாகக் கதறுவதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், எந்த மதத்தவராயினும், அந்தப் பாடல்களைப் பாடப்புத்தகத்தில் படித்தார்கள். தமிழ் மண் கிறிஸ்தவ இலக்கியத்திலிருந்து பொதுவில் எடுத்து வைத்துக்கொண்டவற்றில் ஒன்று, ஒரு மகனின் ஒப்பாரி! ஈழத்திலோ, யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஊர் கூடி அழுவதற்கென்றே ஒரு புத்தகம் நமக்கு இருந்திருக்கிறது.

மோட்ச பிரயாணத்தை உங்களில் பலர் சிறுவயதிலேயே வாசித்திருப்பீர்கள். பனியன் எழுதிய அந்தக் கதையைத்தான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழ்க் காவியமாக்கி இரட்சணிய யாத்திரிகம் என்று தந்தார். பாளையங்கோட்டையிலிருந்து வந்த நற்போதகம் இதழில் 13 ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. கதையில் யாத்திரிகனோடு வந்த உத்தமத் தோழன் சந்தை நகரத்திலேயே கொல்லப்படுகிறான், யாத்திரிகன் தப்பிக்கிறான். இருவரில் யாருடைய விசுவாசம் பெரிது என்று பனியன் அளந்து பார்ப்பதில்லை. அதைவிட, 1684இல் அவர் எழுதிய இரண்டாம் பாகத்தை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கணவன் ஆற்றைக் கடந்து போய்விட்ட பிறகு, நான்கு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியின் துணையோடு, அதே பாதையில் புறப்படுகிற விதவையின் கதை அது. அவள் மெல்ல நடக்கிறாள். பிள்ளைகளுக்குப் பசிக்கிறது, உடம்புக்கு முடியாமல் போகிறது. வழிநெடுக உதவி தேவைப்படுகிறது. விசுவாசம், துக்கம், குடும்பம் மூன்றும் ஒரே கதையில் எப்படிச் சேரும் என்று கேட்கிறவர்களுக்கு அந்த இரண்டாம் பாகத்தைக் காட்டலாம்.

எங்கள் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றையும் சொல்கிறேன். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அயர்லாந்தில் பிறந்து, 1895இல் மிஷனெரியாக இந்தியா வந்து, 1951இல் டோனாவூரிலேயே அடக்கமானவர். அவர் வாழ்க்கையில் நடந்த இரண்டு காரியங்கள் பதிப்பாளர்களுக்கென்றே நடந்தவைபோல இருக்கின்றன.

முதலாவது: இங்கே தாம் கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்பிய கையெழுத்துப் பிரதி, வாசிப்பவர்களைச் சோர்வடையச் செய்யும், கொஞ்சம் உற்சாகமாக மாற்றித் தாருங்கள் என்று திரும்பி வந்துவிட்டது. அவர் மாற்றவில்லை. பிறகு அது 1903இல் ‘திங்ஸ் ஆஸ் தே ஆர்’ என்ற பெயரில், உள்ளது உள்ளபடியே வெளிவந்தது. 

இரண்டாவது: 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து அவருக்குக் காலெலும்பு முறிந்தது. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஜெபிக்கிற ஒரு சமூகம் அவரைச் சுற்றியிருந்தது. ஆனாலும் அவர் பழையபடி நடமாடவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள், சாகும்வரை, பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே கழித்தார். அங்கிருந்து 1933இல் ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற நூலைத் தந்தார். நோயாளிகளுக்கென்று சுகமாயிருப்பவர்கள் எழுதுகிற கைப்பிரதிகள் தமக்கு உதவவில்லை என்பதை அதில் மனம்விட்டுச் சொல்லி, நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாகவே அதை அமைத்தார். சுகம் வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் அந்தப் புத்தகம் வந்தே இருக்காது. எழுதிய கை வலியோடிருந்தது என்பதால்தான் வலியோடிருப்பவர்கள் அதை நம்பினார்கள்.

வேறு நாடுகளிலும் துக்கத்தைப் பற்றி நிலைத்து நிற்கிற புத்தகங்கள் இப்படித்தான் பிறந்திருக்கின்றன. சி.எஸ். லூயிஸ் 1940இல் வேதனையின் காரணத்தை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். தெளிவான, அறிவுள்ள நூல். 1960இல் மனைவி ஜாய் புற்றுநோயில் இறந்தபோது, அந்த அறிவெல்லாம் அவருக்கு எட்டாமல் போனது. நோட்டுப் புத்தகங்களில் கடவுளிடம் சண்டையிட்டு எழுதியதை 1961இல் வேறு பெயரில் வெளியிட்டார். முதல் நூலை மாணவர்கள் படிக்கிறார்கள். இரண்டாவது நூலைத் துணையை இழந்தவர்கள் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க மெய்யியலாளர் நிக்கலஸ் வோல்டர்ஸ்டார்ஃபின் மகன் 1983இல் ஆஸ்திரியாவில் மலையேறும்போது விழுந்து இறந்தான். நான்கு ஆண்டுகள் கழித்துத் தகப்பனார் எழுதிய புலம்பல் நூலில் ஏன் என்பதற்கு விடை இல்லை. விசுவாசம் இருக்கிறது, காயமும் இருக்கிறது, இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர்களே, வெளிநாட்டு நூல்களை நீங்கள் தேர்ந்தெடுக்கும்போது வெற்றிக்கு வழிசொல்கிற புத்தகம் ஒன்றுக்குப் பக்கத்தில் இப்படிப்பட்ட ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. நம் துக்கங்களை நம் ஆட்கள்தான் எழுத முடியும்.

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கன்னியாகுமரிக் கரையிலும் நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் கடல் ஏறிவந்து பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. பிள்ளையைக் கையிலிருந்து நழுவவிட்ட தாய்மார் இன்றும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மறுநாளைக் கடந்தாக வேண்டும். ஊரெல்லாம் நட்சத்திரம் தொங்கும்போது அந்த வீட்டில் கிறிஸ்துமஸை எப்படிக் கொண்டாடுவது, கொண்டாடலாமா என்பதற்கு ஒரு புத்தகம் வேண்டும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலான ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை; பலருடைய உடலும் கிடைக்கவில்லை. உடலில்லாத வீட்டில் அடக்கமும் இல்லை. கணவருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பதா, அவர் திரும்பி வர வேண்டும் என்று மன்றாடுவதா? தாலியை என்ன செய்வது? அப்பா எங்கே என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது? நிச்சயமில்லாத துக்கத்துக்கு எந்தச் சடங்கும் கைகொடுப்பதில்லை. அந்தப் பெண்களில் ஒருவரே உட்கார்ந்து சொல்ல, நீங்கள் எழுதியெடுக்க வேண்டும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறு. இலங்கையில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பலர். உயிர்த்தெழுதலை அறிக்கையிடுகிற நாளிலேயே பிள்ளையை இழந்த பெற்றோருக்கு அந்த விசுவாச அறிக்கையை மறுபடி சொல்ல நாவு எழும்பியது எப்படி? அல்லது எத்தனை காலம் எழும்பாமலே இருந்தது? அதை அவர்கள் சொல்ல விரும்பும் நாளில் கேட்டு எழுத யாராவது அருகில் இருக்க வேண்டும்.

செய்தித்தாளில் வராத துக்கங்களும் உண்டு. வயிற்றிலேயே இறந்த குழந்தைக்குச் சபைப் பதிவேட்டில் பெயரில்லை. தாய்க்கு மட்டும் அதன் பிறந்த நாள் தெரியும். ஞானஸ்நானம் பெறாமலே போன பிள்ளை என்ன ஆகுமோ என்று கலங்குகிறவர்களுக்காகக் கத்தோலிக்கத் திருச்சபையின் இறையியல் ஆணையம் 2007இல் நம்பிக்கை தருகிற ஓர் ஆவணத்தை வெளியிட்டது. அந்த நம்பிக்கை எளிய தமிழில் ஒரு சிறு புத்தகமாக ஒவ்வொரு தாயின் கைக்கும் போக வேண்டும். தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்த பழைய விதி, 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இடம்பெறவில்லை. ஆனாலும் ஊருக்குள் பேச்சு மாறவில்லை. மகனை அப்படி இழந்த தகப்பன் இன்றும் முதுகுக்குப் பின்னால் குசுகுசுப்பைக் கேட்டுக்கொண்டுதான் நடக்கிறார். அவரிடம் அன்போடு பேசுகிற ஒரு புத்தகம் என் அலமாரியில் இல்லை.

பிள்ளையில்லாத பெண்களுக்கு நாம் எப்போதும் அன்னாளின் கதையைத்தான் கொடுக்கிறோம். அன்னாளுக்குச் சாமுவேல் பிறந்தான். ஐம்பது வயதைத் தாண்டியும் பிறக்காத பெண்ணுக்கு, அவளும் கணவனும் ஒருவருக்கொருவர் துணையாக, நிறைவாக வாழ்ந்த கதை எங்கே இருக்கிறது? ஞாபகமறதி நோயில் தன்னையே அடையாளம் தெரியாமல் போன மாமியாரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, நடுச்சாமத்தில் தேடிப்பிடித்துக் கூட்டிவருகிற மருமகளுக்கு என்ன புத்தகம் இருக்கிறது? அங்கே துக்கம் சாவுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. குடும்ப வாழ்க்கையைப் பற்றிய நம் புத்தகங்கள் மனைவிக்குக் கீழ்ப்படிதலைச் சொல்லும் அளவுக்குக் கணவனின் துக்கத்தைப் பேசுவதில்லை. மனைவியை இழந்த ஆண், அழவும் தெரியாமல், அடுப்பு மூட்டவும் தெரியாமல், மகளிடம் பேசவும் தெரியாமல் தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவரும் வாசகர்தான்.

“இப்படிப்பட்ட புத்தகம் விற்குமா?” என்று பதிப்பாளர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அச்சுக்கூலியும் காகித விலையும் எனக்கும் தெரியும். ஆனால் துக்கம் வராத வீடு எது? திருமணத்துக்குப் பரிசாகக் கொடுக்கப் புத்தகம் தேடுகிறவர்களைப்போலவே, சாவு வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோக ஒரு நல்ல புத்தகம் தேடுகிறவர்களும் வருகிறார்கள். அவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள்.

“பலவீனமானவர்களின் விசுவாசம் இடறிவிடுமே” என்று ஊழியர்கள் கேட்கலாம். இடறவைப்பது எது என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். தன் வீட்டில் நடந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று கண்டவர்தான் இடறுகிறார். தன்னைப்போல் இன்னொருவரும் கேட்டுக் கிடைக்காமல், கோபித்து, மௌனமாகி, மறுபடியும் தட்டுத்தடுமாறி ஜெபிக்கத் தொடங்கினார் என்று வாசிக்கிறவர் நிமிர்ந்து உட்காருகிறார். உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை விட்டால் நமக்கு எழுத வேறென்ன இருக்கிறது? தாம் லாசருவை எழுப்பப் போவது இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் அவர் கண்ணீர் விட்டார். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போதும் துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை, நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றே சொன்னார். நம்பிக்கை சொல்லுங்கள். அழுது முடிக்க விட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எழுதப் போகிறவர்களிடம் இன்னும் சில விண்ணப்பங்கள்.

துக்கத்தில் இருப்பவரிடம் அவசரப்பட்டுச் சாட்சி வாங்காதீர்கள். ஓரிரு வருடம் போகட்டும். அவர் சொன்னதை எழுதியபின் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். பெயரையும் ஊரையும் மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பக்கத்தையே எடுத்துவிடுங்கள். ஒருவரின் கண்ணீர் நம் விற்பனைக்குச் சரக்காகிவிடக் கூடாது.

ஏன் நடந்தது என்று நீங்களாகக் காரணம் கண்டுபிடித்து எழுதாதீர்கள். கர்த்தருக்கு அந்தப் பிள்ளை தேவைப்பட்டது, இதைவிடப் பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றவே எடுத்துக்கொண்டார் என்ற வாக்கியங்கள் தாய்மாரை எப்படிக் குத்துகின்றன என்பதை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

அன்றாடத்தை எழுதுங்கள். இறப்புச் சான்றிதழ் வாங்க அலைவது, வங்கிக் கணக்கை மாற்றுவது, வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் நிற்பது, அவருடைய சட்டைகளை என்ன செய்வது என்று முடிவெடுப்பது, முதல் திருமண நாள், முதல் கிறிஸ்துமஸ், குடும்ப ஜெபத்தில் அவர் வாசிக்கும் முறை வரும்போது யார் வாசிப்பது. துக்கம் இந்த இடங்களில்தான் ஆளைத் தாக்குகிறது. ஆறுதலும் இந்த இடங்களுக்குத்தான் வந்து சேர வேண்டும். தூக்கமும் சாப்பாடும் மாதக்கணக்காகக் கெட்டுப்போனால் மருத்துவரையும் மனநல ஆலோசகரையும் பார்க்க வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது.

துக்கத்தில் இருப்பவருக்கு நீண்ட அதிகாரம் ஓடாது. இரண்டு மூன்று பக்கங்களாகப் பிரித்து எழுதுங்கள். வயதானவர்களுக்காக எழுத்தைப் பெரிதாக அச்சிடுங்கள். வாசிக்கத் தெரியாத, கண் மங்கிய பாட்டிமாருக்காக ஒலிநூலாகவும் வெளியிடுங்கள். வீட்டில் பேசுகிற தமிழுக்கு அருகில் வாருங்கள். ஓர் அம்மா இன்னோர் அம்மாவிடம் சொல்வதுபோல இருந்தால் போதும்.

அடுத்த ஆண்டு நீங்கள் வெளியிடப் போகும் புத்தகங்களின் பட்டியல் இந்நேரம் உங்கள் மேசையில் இருக்கும். அதில் சுகம்பெற்றவர்களின் சாட்சி இருக்கட்டும். அதோடு, கேட்டது கிடைக்காமலே விசுவாசத்தைக் காத்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் சாட்சிக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் உங்கள் சபையிலேயே கடைசி வரிசையில் தேடுங்கள். அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நீங்கள் அச்சிடுகிற நாளில் எங்கள் நூலகம் முதல் ஆளாக வாங்கும். சபைகளின் நூலகங்களைப் பார்த்துக்கொள்கிற மற்றவர்களையும் வாங்கச் சொல்வேன். கேட்டு வருகிற பெண்ணிடம், “இதை வாசிம்மா, இவங்களும் நம்மள மாதிரிதான்” என்று சொல்லிக் கொடுக்க எனக்கு அந்தப் புத்தகம் வேண்டும்.

கர்த்தர் உங்கள் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் வாசகி,
திருநெல்வேலி மாவட்டத்துத் திருச்சபை நூலகம் ஒன்றிலிருந்து